உய்யக்கொண்டானின் எட்டு மாதம்

செல்லக்கிளி என்று பெயர் வைத்திருப்பவள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? சேர்ந்த வாரத்திலேயே பாதிப் பெயர் போய்விடும். துவாக்குடி தொழிற்பேட்டையில் ரங்கநாதனின் பட்டறையில் வேலை பார்த்த அறுபது பேருக்கும் அவள் கிளி மேடம்தான். கூடவே மேடம் என்கிற மரியாதையும் வந்ததால் அவளும் முறைத்துக்கொள்ளவில்லை. துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, பதினான்கு வருஷத்துக்கு முன்னால் லாரியில் ஏற்றும் சரக்குக்குச் சீட்டு அடிக்க வந்தவள். ஒருநாள் சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. டவுனிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அவள் மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, எதையோ பிடுங்கி எதையோ சொருகி ஓட வைத்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி. அதன்பிறகு பட்டறையில் பிளக் வைத்த எந்தச் சாமான் நின்றாலும் "கிளி மேடத்தைக் கூப்பிடு" என்றாகிவிட்டது.

அது அனல் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் குழாய் செய்கிற பட்டறை. குழாயோடு குழாயை வெல்டிங் வைத்து இணைப்பார்கள். ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள், கை கால் முறிந்தால் நமக்கு எடுப்பதுபோலவே. உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். எந்த வெல்டர் வைத்த இணைப்பு என்ற எண்ணும் படத்திலேயே விழுந்திருக்கும். பத்து வருஷம் கழித்து எங்கோ ஒரு மின்நிலையத்தில் குழாய் வெடித்தால் முதலில் "படத்தை எடு" என்றுதான் கேட்பார்கள். சரக்கோடு சோதனைச் சீட்டு மட்டும்தான் போகும். பிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே விழும் அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது செல்லக்கிளியின் பொறுப்பு.

அவள் அதைச் செய்த விதத்தில்தான் அவளுடைய பெருமை முழுவதும் இருந்தது. பட்டறைக்கு ஒரே ஒரு பெரிய சர்வர். ஒரே வீட்டைத் தடுத்துப் பதினோரு குடித்தனம் வைப்பதுபோல, அந்த ஒன்றுக்குள்ளேயே பதினோரு மெய்நிகர் இயந்திரங்களை அவள் குடிவைத்திருந்தாள். ஒன்று கணக்குக்கு, ஒன்று வரைபடங்களுக்கு, ஒன்று வருகைப் பதிவுக்கு. ஒன்றில் கோளாறு வந்தாலும் பக்கத்துக் குடித்தனத்துக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஆற்றின் பெயர், வாய்க்காலின் பெயர்: காவேரி, கொள்ளிடம், அய்யாறு. எக்ஸ்ரே படங்கள் இருந்த இயந்திரத்துக்கு உய்யக்கொண்டான் என்று பெயர். தினமும் பாலக்கரையில் பஸ் ஏறும்போது தாண்டிவரும் வாய்க்கால் அது.

இத்தனையும் யாரிடமும் வாங்காத, உலகத்தில் யார் யாரோ எழுதிப் பொதுவில் திறந்து வைத்திருந்த மென்பொருள்களால் நடந்தது. உற்பத்தி மேலாளர் மாதவனுக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பெரிய கம்பெனியின் மென்பொருளை வாங்கவேண்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. "பதில் சொல்ல நான் இருக்கேன் சார்" என்று செல்லக்கிளி முதலாளி முன்னால் சொல்லிவிட்டாள். சொன்ன அன்றிலிருந்து மாதவன் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மேடம், ஓசி சாஃப்ட்வேர் நல்லா ஓடுதா?" என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே, "ஓடுது சார், ஐநூறு நாளா நிக்காம" என்பாள். அந்தச் சிரிப்புக்குள் இருந்த பல்லை இரண்டு பேருமே அறிவார்கள்.

இனி அவள் செய்த தப்பைச் சொல்லவேண்டும். பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். உய்யக்கொண்டானின் படங்கள் பெருகி, பழைய ஹார்ட் டிஸ்க் வட்டு நிறைந்துகொண்டிருந்தது. புது வட்டு வாங்கிப் போட்டார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சேமிப்பை அப்படியே புது இடத்துக்கு நகலெடுக்கும் வசதி அவளுடைய மென்பொருளில் உண்டு. நகல் முடிந்ததும் இரண்டு காரியம் செய்யவேண்டும். இனி உன் விலாசம் இது என்று இயந்திரத்தின் அமைப்புக் குறிப்பில் எழுதவேண்டும். இப்போதே அங்கே மாறிக்கொள் என்று ஓடும் இயந்திரத்துக்குக் கட்டளையிடவேண்டும். முதல் காரியத்தை முடித்தாள். இரண்டாவதைச் செய்யக் கையை வைக்கும்போது போன் வந்தது. மோட்டார் கொட்டகைப் படியில் அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று தம்பி அழுதான். லேப்டாப்பை மூடிவிட்டுத் துறையூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பியபோது, இரண்டையும் செய்துவிட்டோம் என்றே மனசுக்குள் பதிந்துபோயிருந்தது. அமைப்பைப் பார்த்தாள், புது விலாசம் இருந்தது. சரி என்று பழைய வட்டில் இருந்த சேமிப்புக் கோப்பை அழித்தாள். உய்யக்கொண்டானோ அந்தப் பழைய கோப்பில்தான் குடியிருந்தது. ஆள் உள்ளே இருக்கும்போதே வீட்டின் பெயரைப் பட்டாவிலிருந்து அடித்துவிட்டாள். அவளுடைய சர்வரை ஓட்டும் லினக்ஸின் வழக்கம் அப்படி: ஒரு கோப்பை அழித்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒன்று ஓடும்வரைக்கும் உள்ளே இருப்பது அழியாது. பிடித்தவன் விட்டால்தான் போகும். உய்யக்கொண்டான் விடவில்லை. எட்டு மாதம் புதுப் படங்களை வாங்கி வாங்கி அந்தப் பெயரில்லாத இடத்திலேயே வைத்துக்கொண்டது. தினமும் நடந்த காப்பு நகலோ அமைப்பில் இருந்த விலாசத்தைப் பார்த்து, ஜனவரியோடு நின்றுபோன வெறும் நகலையே திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து, "வெற்றி" என்று பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் செல்லக்கிளி தினமும் டீ குடித்தாள்.

அந்த எட்டு மாதத்தில் பட்டறையில் ஒரு துக்கம் நடந்தது. சின்னையா என்று ஒரு வெல்டர். நாற்பத்தைந்து வயது, வாய் பேசாத மனுஷன். அந்த வருஷம் புதுவகை உறுதி எஃகு ஒன்று வந்தது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே விரிசல் விடுகிற வம்புக்கார எஃகு. மற்ற வெல்டர்கள் பத்துக்கு இரண்டைத் திரும்பச் செய்துகொண்டிருந்தபோது, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சின்னையா நூற்று முப்பத்தாறு இணைப்பு வைத்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. எக்ஸ்ரே பார்க்கிற பரக்கத் அலி அந்தப் படங்களை மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஏப்ரலில் ஒருநாள், தன் வேலையே இல்லாத குழாய் வளைக்கும் மிஷினில் யாருக்கோ ஒத்தாசையாகக் கை கொடுக்கப்போய், வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வெல்டிங் பிடிக்கும் விரல்கள்.

அதன்பிறகு அவரை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். போல்ட் எண்ணிக் கொடுக்கிற வேலை. முதலாளி நல்லவர்தான், சம்பளம் குறைக்கவில்லை. ஆனாலும் சின்னையா ஸ்டோர் ஜன்னல் வழியாக வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். செப்டம்பரில்தான் வழி ஒன்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு வெல்டிங் பயிற்சி நிலையத்தில் அந்தப் புது எஃகைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். விரல் இல்லாவிட்டால் என்ன, கண்ணும் அறிவும் இருந்தால் போதும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. "சர்டிபிகேட்டு யார் வேணாலும் அடிச்சுட்டு வரலாம். நீங்க வெச்ச ஜாயிண்ட்டோட படத்தைக் கொண்டாங்க" என்றார்கள். ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை நேர்காணல்.

சின்னையா சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அந்த அறைக்குள் வரும்போது அவர் எப்போதும் அப்படித்தான்.

"மேடம், என் படமெல்லாம் வேணும்ங்க. எடுத்துத் தர முடியுமா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? பூஜை வேலை முடியட்டும். வெள்ளிக்கிழமை நூத்தி முப்பத்தாறையும் ஒரே பென்டிரைவுல போட்டுத் தரேன். நிம்மதியா போங்க."

அவர் நிம்மதியாகப் போனார். இடது கையால் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டு போன அந்த முதுகில் ஒரு நிமிர்வு தெரிந்தது.

ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர், உத்தர வீதியில் வீடு. காலையில் பெருமாளைச் சேவிக்காமல் காரை எடுக்கமாட்டார். ஆயுத பூஜை அன்று பட்டறையில் லேத்திலிருந்து கிரேன் வரைக்கும் எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மறுநாள் விஜயதசமியில்தான் திரும்ப ஓட்டுவது வழக்கம். சர்வருக்கு மட்டும் இத்தனை வருஷமாக விலக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். இந்த வருஷம் அவர் ஒப்பவில்லை. சின்னையாவின் கை போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சாயங்காலம்வரை நின்றவர் அவர்.

"ஒரு மிஷின் பாக்கியில்லாம எல்லாம் ஓயணும். யாருக்கும் விலக்கு கிடையாது. சின்னையா கையாலயே ஒண்ணொண்ணா நிறுத்தச் சொல்லப்போறேன். அவனுக்கும் மனசு ஆறும், நமக்கும் ஆறும்" என்றார்.

செல்லக்கிளி தலையாட்டினாள். காப்பு நகல் பச்சையாக இருக்கிறது, ஒருநாள் நிறுத்தினால் குடி முழுகிவிடாது. ஐநூறு நாள் கணக்கு உடைகிறதே என்று மட்டும் கொஞ்சம் வருத்தம்.

புதன்கிழமை, ஆயுத பூஜை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் தீபாராதனை முடியவேண்டும். பதினோரு மணிக்குள் எல்லா மிஷினும் நின்றாகவேண்டும். பச்சைப் பட்டுப் புடவையோடு வந்த செல்லக்கிளி பத்தேகாலுக்கு சர்வர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு இயந்திரமாக ஒழுங்காக நிறுத்த ஆரம்பித்தாள். நிறுத்துமுன் அதன் சேமிப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பட்டியல் எடுத்தாள். பழைய வட்டைப் பார்த்தபோது எங்கோ இடித்தது. ஜனவரியில் அத்தனை பெரிய கோப்பை அழித்தோமே, காலியிடம் ஏன் கூடவில்லை? ஓடும் இயந்திரங்கள் எந்தெந்தக் கோப்பைப் பிடித்திருக்கின்றன என்று ஒரு கட்டளை அடித்தாள். உய்யக்கொண்டானுக்கு நேரே பழைய கோப்பின் பெயர் வந்தது. பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள், அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்.

காப்பு நகலைத் திறந்து கடைசிப் படத்தின் தேதியைப் பார்த்தாள். ஜனவரி இருபத்தொன்பது. நிறுத்தினால் போயிற்று. பிப்ரவரியிலிருந்து நேற்றுவரை எடுத்த அத்தனை படமும் போய்விடும். போனதுகூட உடனே தெரியாது. நாளைக்கு எழுப்பினால் உய்யக்கொண்டான் ஜனவரி நகலோடு ஒன்றும் தெரியாத பிள்ளையாட்டம் எழுந்து உட்காரும்.

நல்லவேளை, அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் படங்களை எடுத்து, காப்பு நகல் வைக்கும் இன்னொரு பெட்டிக்கு அனுப்பினால் போதும். இடம் இருந்தது. கணக்குப் போட்டாள்: ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகும். மணி பத்து இருபத்தைந்து. கையில் இருந்தது அரைமணி.

எதை முதலில் அனுப்புவது? இந்த இடத்தில் அவள் யோசித்ததை நான் மறைக்கப்போவதில்லை. கடைசி மாதங்களின் குழாய்கள் இன்னும் பட்டறையிலேயே கிடக்கின்றன, படம் இல்லாமல் அவை லாரி ஏறாது, அடுத்த வாரமே விஷயம் வெடித்துவிடும், மாதவன் ஆடித் தீர்த்துவிடுவார். பழைய மாதங்களின் சரக்கு என்றைக்கோ போய்விட்டது, அவற்றை யாரும் சீக்கிரம் கேட்கப்போவதில்லை. செப்டம்பரிலிருந்து பின்னோக்கி அனுப்பச் சொல்லிக் கட்டளையை அடித்தாள். கட்டளை ஓட ஆரம்பித்த பிறகுதான் சின்னையாவின் பிப்ரவரி, மார்ச் நினைவுக்கு வந்தது. நிறுத்தி மாற்றலாமா என்று யோசித்தாள். மாற்றவில்லை. எப்படியும் எல்லாமே வந்துவிடும், அரைமணி கூடக் கேட்டால் கொடுக்கமாட்டார்களா என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்பதற்கு எழுந்து நடந்து, முதலாளியிடம் போய், "சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லவேண்டும். ஏழு வார்த்தைகூட இல்லை. வெளியே அறுபது பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாதவன் வெள்ளை வேட்டியோடு நடுவில் நின்றிருந்தார். "பதில் சொல்ல நான் இருக்கேன்" என்று அன்றைக்குச் சொன்ன வாய், இன்றைக்கு இதை எப்படிச் சொல்லும்? செல்லக்கிளி திரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். செப்டம்பர் முடிந்தது. ஆகஸ்ட் ஓடியது.

வெளியே ஒவ்வொரு மிஷினாக நிற்கும் சத்தம் கேட்டது. சத்தம் நிற்பதும் ஒரு சத்தம்தான் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. லேத் நின்றது. அரைக்கிற மிஷின் நின்றது. சின்னையா ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்திக்கொண்டு வந்தார். பின்னால் பூஜை செய்ய வந்த பட்டர், அவருக்குப் பின்னால் கூட்டம். குழாய் வளைக்கும் மிஷின் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. யாரோ ஒரு பெண் விசும்பினாள். ஜூலை, ஜூன், மே. ஏப்ரல் பாதி.

பத்து ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. ரங்கநாதன் முன்னால், சின்னையா பக்கத்தில், பின்னால் மாதவன். சின்னையா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"என்னம்மா கிளி, இன்னும் லைட்டெல்லாம் எரியறதே? நிறுத்தலையா?" என்றார் ரங்கநாதன்.

இன்னும் இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். ஏப்ரல் மீதி, மார்ச், பிப்ரவரி. செல்லக்கிளி எழுந்து நின்றாள். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. மாதவனின் முகத்தைப் பார்த்தாள். உண்மை அங்கிருந்தே உள்ளே திரும்பிவிட்டது.

"சார், யுபிஎஸ்ஸுல பேட்டரி கொஞ்சம் சூடா இருக்கு. இப்ப திடீர்னு நிறுத்தினா திரும்ப ஏறாதோன்னு... ஒரு அரைமணி ஆறட்டும் சார்."

இதைவிட மோசமான பொய்யை அந்த மனுஷரிடம் சொல்லியிருக்க முடியாது. மிஷின் என்றாலே விரல் ஞாபகம் வருகிற வருஷம் அது. ரங்கநாதனின் முகம் வெளுத்தது.

"சூடா இருக்கா? சூடா இருக்கறதை ஓட விட்டுண்டு பக்கத்துல உக்காந்திருக்கியா? வெடிச்சா என்ன ஆறது? ஏப்ரல்ல பார்த்தது போறாதா எனக்கு? முதல்ல நீ வெளியில வா. சின்னையா, அந்தப் பெரிய சுவிட்சை நிறுத்துப்பா, உடனே!"

"சார், இல்ல சார்..." என்றாள். கத்தியிருக்கலாம். குறுக்கே போய் நின்றிருக்கலாம். சின்னையாவின் கையைப் பிடித்திருக்கலாம். அவர் அவளைத் தாண்டித்தான் போனார். ஒரு கை தூரத்தில், மூன்று விரல் இருந்த வலது கையைச் சுவிட்சின் மேல் வைத்து, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, கீழே இறக்கினார். சர்வரின் மின்விசிறிகள் இளைத்து இளைத்து நின்றன. ஏப்ரல் என்ற எழுத்து திரையோடு சேர்ந்து அணைந்தது.

பட்டர் கிடைத்த வழியில் உள்ளே வந்து சர்வருக்குச் சந்தனம் வைத்தார். ரங்கநாதன் சின்னையாவின் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டார்கள். செல்லக்கிளி புடவைத் தலைப்பில் வாங்கிய பொரியை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் விஜயதசமி. எல்லா மிஷினும் ஓட ஆரம்பித்தன. பதினோரு மெய்நிகர் இயந்திரங்களும் பழுதில்லாமல் எழுந்தன. மாதவன் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே மேடம், ஓசி சாஃப்ட்வேர் சொன்னபடி எழுந்துக்குதே" என்று மனதாரவே பாராட்டினார். உய்யக்கொண்டானைத் திறந்தாள். ஜனவரி இருபத்தொன்பதில் நின்றது. அழிந்த கோப்பை மீட்கும் கருவிகளை அவளும் அறிவாள். மத்தியானம்வரை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எழும்போதே பழைய வட்டு தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டுவிட்டது. கருவிகளின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவை சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தன. வெளியே அனுப்பி வைத்ததில் ஏப்ரல் பாதிக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

குழாய்களைத் திரும்பப் படமெடுக்கலாம் என்றால், சின்னையா வெல்டிங் வைத்த குழாய்கள் வடக்கே ஏதோ ஒரு கொதிகலனுக்குள் போய், மேலே பூச்சும் பூசி, நெருப்புக்கு நடுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்று மணிக்கு முதலாளி அறைக்குப் போய் நின்று, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். பேட்டரி சூடு என்றது பொய் என்பதையும் சொன்னாள். ரங்கநாதன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேத்திக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பூஜையைச் சாயங்காலம் வெச்சிண்டிருப்பேனேம்மா. பெருமாள் எங்கயாவது போயிடப்போறாரா?"

ரங்கநாதன் லெட்டர்பேடை இழுத்துக்கொண்டார்.

"கம்பெனிக்கு வர்ற கஷ்டத்தை நான் பார்த்துக்கறேன். பயிற்சி நிலையத்துக்கு நானே லெட்டர் தரேன், எடுத்துப்பாளோ மாட்டாளோ. சின்னையாகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

ஸ்டோரில் சின்னையா போல்ட் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் புதுப் பென்டிரைவ் ஒன்று உறை பிரிக்காமல் இருந்தது. வெள்ளிக்கிழமைக்காக அவரே வாங்கி வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். படம் இல்லை, பிப்ரவரி மார்ச் இரண்டுமே இல்லை, எங்கேயும் இல்லை. தவறு தன்னுடையது. நேற்று அந்தச் சுவிட்சை நிறுத்தியபோதுதான் போயிற்று.

சின்னையா தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்ப என் கையாலதான் போச்சா?"

"இல்லண்ணே, உங்களுக்கு என்ன தெரியும்? நான்தான்..."

"நிறுத்தினா போயிடும்னு உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்? இன்னைக்கா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அவளுக்கு முன்னால் திறந்து கிடந்தது. இந்தத் தடவை அவள் அதை எடுக்கவில்லை.

"நேத்துக் காலையில தெரியும்."

"நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

"சுவிட்சுல கைய வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி நின்னேனேங்க. பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்" என்றாள் செல்லக்கிளி.